நிரலாக்கத்திற் கலப்புக் கூறுகளின் பயன்

ஒருமுறை எழுதியதனை மறுமுறை எழுதாது பயன்கொள்ள வேண்டும் என்னும் அவா, நிரலாக்கக் கலை தோன்றிய நாள்தொட்டே அதனுடன் வளர்ந்து வருவதாகும். இஃது எழுதுவோனது சோம்பலினின்று எழுந்த அவா என்று சிலர் எண்ணக்கூடும், அவ்வெண்ணம் பொருந்தாது. ஒரே கணக்கீடு ஒரு நிரலின் மூன்று இடங்களிற் படியெடுத்து வைக்கப்பட்டிருப்பின், அதன்கண் ஒரு பிழை காணப்பட்டபொழுது மூன்றிடத்தும் அதனைத் திருத்துதல் வேண்டும். இரண்டிடத்துத் திருத்தி மூன்றாமிடத்தை மறந்துவிடுதல் மக்கட்கு இயல்பு. மறக்கப்பட்ட அவ்விடம் பல திங்கள் ஓசையின்றிக் கிடந்து, ஒருநாள் தவறான விடையைத் தரும். அது தவறென்று உடனே புலப்பட்டால் நன்று. புலப்படாது போதலே பெரும்பான்மை. ஆகவே, ஒரு செயலை ஓரிடத்தே எழுதிப் பலவிடத்தும் வழங்கச் செய்தல் நிரலின் நேர்மையைக் காக்கும் வழியே ஆகும். அதற்குரிய உபாயங்களுள் ஒன்றாகிய மிக்ஸின் என்பதனைக் குறித்து, கணினியியல் பயிலும் மாணவர்க்கேயன்றிப் பிற துறையினர்க்கும் விளங்குமாறு ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம்.

முதற்கண், பொருள்நோக்கு நிரலாக்கம் என்பது யாதென்று ஒருவாறு கூறுதல் வேண்டும். நிரல் கையாளும் செய்தியையும் அதன்மேல் நிகழ்த்தப்படும் செயல்களையும் வெவ்வேறாக வையாது, இரண்டனையும் ஒருங்கே பொதிந்து 'பொருள்' என்னும் அலகுகளாக அமைப்பது இம்முறை. ஒரே தன்மையுடைய பொருள்கட்கெல்லாம் அச்சாக நிற்பதனைப் பள்ளிப் பாடநூல்கள் 'இனக்குழு' என வழங்கும்; அதன்கண் அடங்கிய செயல்களைச் 'செயற்கூறுகள்' எனலாம். ஆங்கிலத்தில் இனக்குழுவைக் குறிக்கும் சொல்லே மாணவர் அமரும் வகுப்பையும் குறித்தலால், முதலாண்டினரிடையே எழும் நகைச்சுவைகட்கு அளவில்லை. தமிழில் நாம் அவ்விடரினின்று தப்பினோம். நார்வே நாட்டு ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்னும் இருவர் ஆஸ்லோ நகரில் வகுத்த சிமுலா 67 என்னும் நிரல்மொழியில், ஓர் இனக்குழு மற்றோர் இனக்குழுவின் உடைமைகளை மரபுரிமையாய்ப் பெறும் ஏற்பாடு தோன்றிற்று. தந்தை இனக்குழுவில் ஒருமுறை எழுதப்பட்ட செயற்கூறு அதன் மக்கள் யாவர்க்கும் தானே வந்தெய்தும். படியெடுக்கும் துன்பம் இதனால் ஒழிந்தது என்றே அக்காலத்துப் பலர் கருதியிருத்தல் கூடும்.

அது முற்றும் ஒழியாமைக்குக் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு நூல்நிலையத்திற்கு நிரல் எழுதுவதாகக் கொள்க. அங்கே நூல், பருவ இதழ், அகராதி, பழைய வினாத்தாள், குறுந்தகடு எனப் பலவகைப் பண்டங்கள் உள. அவற்றுட் சில இரவல் தரத்தக்கன; அகராதியோ அங்கேயே இருந்து பார்த்தற்குரியது. சில அடுக்கெண் வரிசையில் வைக்கத்தக்கன. சில அவ்வாறு வைக்கப்படாதன. சில கணினித் திரையிலும் படித்தற்குரியன, சில அல்ல. இரவல் தரும் செயற்கூற்றை எல்லாவற்றுக்கும் தந்தையாகிய 'பண்டம்' என்னும் இனக்குழுவிற் புகுத்தினால், அகராதியும் இரவல் போகத் தொடங்கும். அதனை அங்கே வையாது நூலிலும் இதழிலும் குறுந்தகட்டிலும் தனித்தனியே எழுதினால், பழைய படியெடுப்பே மீண்டும் வந்துவிடும். 'இரவற் பண்டம்' என்று இடையே ஓர் இனக்குழுவை நிறுத்துவோமாயின், இரவலுக்குரியவற்றுள் திரையிற் படிக்கத்தக்கன எவை, அல்லன எவை என்று அதனையும் இரண்டாகப் பிரிக்க நேரும். ஒன்றையொன்று சாராத பண்புகள் மூன்றாயின் அவற்றின் சேர்க்கைகள் எட்டு, ஐந்தாயின் முப்பத்திரண்டு. கிளை ஒன்றனுக்கு ஒரே அடிமரம் உடையதாய் வளரும் குடிவழி, இத்தகைய பண்புகளைத் தாங்க வல்லதன்று. நூல் என்பது 'இன்னது' என்பதற்கும், அது 'இன்னது செய்ய வல்லது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அம்மரம் அறியாது.

ஓர் இனக்குழுவிற்குத் தந்தையர் பலரை அனுமதித்தால் என்ன என்னும் வினா இயல்பாகவே எழும். சி பிளஸ் பிளஸ் என்னும் மொழி 1989-இல் வெளிவந்த தன் இரண்டாம் பதிப்பில் அதனை அனுமதித்தது. ஆயின் இரு தந்தையரும் ஒரே பாட்டனின் வழிவந்தவராயின், பாட்டன் சொத்து பேரனுக்கு ஒருமுறை வருமோ இருமுறை வருமோ என்னும் வழக்கு உண்டாகிறது. படம் வரைந்து பார்ப்பின் சாய்சதுரம்போல் தோன்றுதலின் இதற்கு 'வைரச் சிக்கல்' என்று பெயர். 1995-இல் வெளிவந்த ஜாவா மொழி இவ்வழக்கிற்கு அஞ்சித் தந்தை ஒருவரே என விதித்தது. 2014-இல் அதன் எட்டாம் பதிப்பு, இடைமுகம் எனப்படும் ஒப்பந்தங்களினுள்ளேயே செயற்கூறுகளின் உடலையும் எழுத இடங்கொடுத்ததனை நோக்கின், முன்னைய விதி மிகக் கடுமையாயிருந்தது என்று அதனைப் பேணுவோரே உணர்ந்தனர் என்பது எம் கருத்து.

இவ்விரு கோடிகட்கும் இடையிலுள்ள வழியே மிக்ஸின். அதன் பெயர் வந்த வரலாறு சுவையுடையது. சுவை என்பதனை ஈண்டு நேர்ப்பொருளிலேயே கொள்ளலாம். அமெரிக்க நாட்டு மாசச்சூஸெட்ஸ் மாநிலத்து ஸாமர்வில் என்னும் ஊரில் ஸ்டீவ் ஹெரல் என்பார் 1973-இல் ஓர் ஐஸ்கிரீம் கடை திறந்தார். அங்கே அடிப்படைச் சுவை ஒன்றனைக் கேட்டு வாங்குவோர், பருப்பு, பிஸ்கோத்துத் துண்டு, மிட்டாய் ஆகியவற்றுள் தாம் விரும்பியவற்றையும் அதனுடன் பிசைந்து தரப் பெற்றனர். அவ்வாறு பிசைந்து சேர்க்கப்படும் பண்டமே மிக்ஸின் எனப்பட்டது. அணித்தாயிருந்த மாசச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், லிஸ்ப் மொழிக்கென்றே அமைக்கப்பட்ட கணினிகட்காக ஹோவர்ட் கேனன் என்பார் 1979-ஐ ஒட்டி ஒரு பொருள்நோக்கு ஏற்பாட்டை வகுத்தார். அதற்கு 'ஃபிளேவர்ஸ்', அஃதாவது 'சுவைகள்', என்று பெயரிட்டு, அதன் அடியில் நிற்கும் இனக்குழுவிற்கு 'வனிலா' என்றும், சேர்க்கப்படும் கூறுகட்கு 'மிக்ஸின்' என்றும் கடைப்பெயர்களையே வழங்கினர். அக்கணினிகளின் திரையில் தோன்றும் சாளரங்கள் இம்முறையாலேயே கட்டப்பட்டன. சாளரத்திற்கு விளிம்புக்கோடு வேண்டுமாயின் விளிம்பு மிக்ஸினைச் சேர்ப்பர். தலைப்பு வேண்டுமாயின் தலைப்பு மிக்ஸினைச் சேர்ப்பர். இரண்டும் வேண்டாத வெறுஞ்சாளரமும் கிடைக்கும். எட்டுச் சேர்க்கைக்கு எட்டு இனக்குழுக்களை முன்னரே எழுதிவைக்கும் தொல்லை அங்கே இல்லை. 'கலப்புக் கூறு' என்று இதனைத் தமிழிற் கூறலாம். ஆயினும் நிரலர் வழக்கு நோக்கி, இனி மிக்ஸின் என்றே கூறுவோம்.

1990-இல் கிலாட் பிராக்கா, வில்லியம் குக் என்னும் அறிஞர் இருவர் இதன் இலக்கணத்தைத் தெளிவுறுத்தினர். தந்தை இன்னார் என்று இன்னும் குறிக்கப்படாத மகவே மிக்ஸின் என்பது அவர்தம் ஆய்வின் சாரம். எந்த இனக்குழுவின்மேல் அதனை ஏற்றுகின்றோமோ அதுவே அவ்விடத்தில் அதன் தந்தையாகும். இக்கருத்தை மனத்திற் கொண்டால், பின்வருவன யாவும் எளிதில் விளங்கும். மிக்ஸின் தனித்து நின்று ஒரு பொருளை ஈனாது; மற்றொன்றனோடு சேர்ந்தே பயன் தரும். அது தான் சேரும் இனக்குழுவினிடம் சிறிதளவு ஒன்றனைக் கேட்டு, பெரிதளவு ஒன்றனைத் தரும். கேட்பது குறையவும் தருவது மிகவும் எந்த மிக்ஸினில் அமைகின்றதோ அதுவே சிறந்ததென்பது எம் துணிபு.

இதற்கு ரூபி என்னும் மொழியினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. ஜப்பானியராகிய யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995-இல் வெளியிட்ட இம்மொழியில், இனக்குழுவிற்குத் தந்தை ஒருவரே. மிக்ஸின்கள் எத்தனை வேண்டுமாயினும் சேர்க்கலாம். 'மாட்யூல்' என்னும் பெயரால் அவை எழுதப்படும். அவற்றுள் 'கம்பேரபிள்' என்பது ஒன்று. இரு பொருள்களை ஒப்பிட்டு, முன்னது சிறிதாயின் -1 எனவும், நிகராயின் 0 எனவும், பெரிதாயின் 1 எனவும் விடைதரும் ஒரேயொரு செயற்கூற்றை அது நம்மிடம் கேட்கின்றது. சிறுமைக்குறி, நிகர்க்குறி, பெருமைக்குறி மூன்றனையும் ஒட்டி எழுதும் அச்செயற்கூற்றின் அடையாளம் பறக்கும் கலத்தைப் போல் தோன்றுதலின், அதனை 'விண்கலக் குறி' என்பர். இவ்வொன்றனை நாம் எழுதிக் கொடுத்தால், சிறிது, சிறிது அல்லது நிகர், நிகர், பெரிது, பெரிது அல்லது நிகர், இவ்விரண்டனுக்கும் இடைப்பட்டது என்னும் ஆறு வினாக்கட்கும் விடைதரும் செயற்கூறுகள் தாமே வந்து சேரும். 2016-இன் இறுதியில் வெளிவந்த பதிப்பில், ஒரு மதிப்பை இரு எல்லைகட்குள் அடக்கித் தரும் ஏழாவது செயற்கூறும் சேர்க்கப்பட்டது. அதன் பயனை ஆராய்க: முன்னரே கம்பேரபிளைச் சேர்த்திருந்த இனக்குழுக்கள் யாவும், தம்முள் ஓரெழுத்தும் மாறாமலே அவ்வேழாவது ஆற்றலைப் பெற்றன. படியெடுத்து எழுதியிருப்பின் இது நிகழ்ந்திராது.

நம் நூல்நிலையத்தில் அடுக்கெண்ணை ஒப்பிடும் விதி சிக்கலானது. எண்பகுதியை எண்ணாகவும் எழுத்துப்பகுதியை அகரவரிசையாகவும் நோக்க வேண்டும். இல்லையேல் 100 என்பது 20-க்கு முன் வந்து நிற்கும். அவ்விதியை ஓரிடத்தில் விண்கலக் குறியாக எழுதி, கம்பேரபிளைச் சேர்த்துவிட்டால், பின்னர் எங்கும் அதனை நினைக்க வேண்டுவதில்லை.

இதனினும் வியத்தற்குரியது 'எனுமரபிள்' என்னும் மிக்ஸின். 'ஈச்' என்னும் ஒரு செயற்கூற்றை, அஃதாவது தன்னுள் அடங்கியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டும் ஆற்றலை, அது கேட்கின்றது. அதற்கு ஈடாகத் தேர்ந்தெடுத்தல், உருமாற்றுதல், தொகுத்தல், வகைப்படுத்துதல், தேடுதல், எண்ணுதல் என ஐம்பதிற்கு மேற்பட்ட செயற்கூறுகளைத் தருகின்றது. ரூபியில் வரிசைப் பட்டியலும், திறவுச்சொல்லும் மதிப்பும் இணைந்த அட்டவணையும், எண்களின் எல்லையும், வட்டிலுள்ள கோப்பும் தம்முள் யாதொரு குடியுறவும் இல்லாதன; ஆயினும் நான்கும் எனுமரபிளைச் சேர்த்துக்கொண்டன. கோப்பு தன் வரிகளை ஒவ்வொன்றாக நீட்டுகின்றது. அட்டவணை தன் இணைகளை நீட்டுகின்றது. எஞ்சிய பணி எனுமரபிளுடையது. மீச்சிறியதையும் மீப்பெரியதையும் கேட்கும்பொழுது, உள்ளடங்கிய பொருள்களின் விண்கலக் குறியை அது நாடும். ஆகவே இரு மிக்ஸின்கள் ஒன்றையொன்று அறியாமலே ஒத்துழைக்கின்றன. வரிசைப் பட்டியல் விரைவு கருதி அவற்றுட் பலவற்றைத் தானே மீண்டும் எழுதிக்கொண்டுள்ளது. இனக்குழு தானே எழுதியது மிக்ஸின் தந்ததனை மறைக்கும் என்பது விதியாதலின் அதற்குத் தடையில்லை.

பைத்தான் மொழியுடன் வரும் நூலகத்தில் வேறொரு வகைப் பயனைக் காணலாம். வலையமைப்பின்வழி வரும் வேண்டுகோட்கு விடைதரும் சேவையகங்களை எழுத அங்கே 'சாக்கெட்சர்வர்' என்னும் பகுதி உண்டு. டி.சி.பி., யு.டி.பி. என்னும் இருவகை நெறிமுறைகட்கு இரு சேவையகங்கள் உள. இவை ஒரு வேண்டுகோளை முடித்த பின்னரே அடுத்ததனை எடுக்கும். வேண்டுகோள் ஒவ்வொன்றனுக்கும் தனி இழையைத் தொடங்கும் மிக்ஸின் ஒன்று. தனிச் செயலாக்கத்தையே கிளைக்கச் செய்யும் மிக்ஸின் மற்றொன்று. இவ்விரண்டனையும் அவ்விரண்டனோடு பெருக்க, நான்கு புதிய சேவையகங்கள் பிறக்கின்றன. அந்நான்கின் உடலிலும் யாதொன்றும் எழுதப்படவில்லை. மிக்ஸினின் பெயரும் சேவையகத்தின் பெயரும் தலைப்பில் நிற்க, உள்ளே 'கடந்து செல்க' என்னும் ஒரு சொல்லே காணப்படும். இவ்வாறு பெயர் எழுதுங்கால் மிக்ஸின் முன்னும் சேவையகம் பின்னும் நிற்க வேண்டும் என்று பைத்தானின் விளக்கவுரை வற்புறுத்துகின்றது. ஏனெனில், சேவையகத்தில் முன்னரே உள்ள ஒரு செயற்கூற்றின் இடத்தில் தன்னுடையதை நிறுத்துவதே அம்மிக்ஸினின் தொழில். பின்னே நின்றால் அஃது ஒருபொழுதும் அழைக்கப்படாது.

முன்பின் என்னும் இவ்வொழுங்கே மிக்ஸினின் உயிர்நிலை. இதனைச் சற்று விரித்துரைத்தல் கடன். ஒரு பொருளிடம் ஒரு செயலை வேண்டுங்கால், மொழியானது அப்பொருளின் முன்னோரை ஒரு வரிசையாக நிறுத்தி, முதலில் நிற்பவரிடம் அச்செயற்கூறு உண்டோ என்று கேட்கும். இல்லையேல் அடுத்தவரிடம் செல்லும். தந்தையர் பலராயினும் வரிசை ஒன்றே. அதனை அமைக்கும் முறையைப் பைத்தான் 2003-இல் தன் 2.3-ஆம் பதிப்பு முதல் 'சி3' என்னும் விதியாற் செய்கின்றது. டைலன் என்னும் மொழிக்காக 1996-இல் வெளியிடப்பட்ட விதி அது. மகன் தந்தைக்கு முன் நிற்றல் வேண்டும். நாம் எழுதிய இடவல ஒழுங்கு மாறாதிருத்தல் வேண்டும். இவை இரண்டும் முரணுமாயின் மொழி அவ்வினக்குழுவை ஏற்க மறுத்துவிடும். வைரச் சிக்கலில் பாட்டன் ஒருமுறையே, அதுவும் தந்தையர் இருவர்க்கும் பின்னரே, வரிசையில் வருவான்.

இவ்வரிசையில் அழைப்பை அடுத்தவர்க்குக் கைமாற்றும் சொல் 'சூப்பர்' என்பது. இதனைத் 'தந்தையை அழை' என்று பொருள் கொள்வோர் பலர், அது சரியன்று. 'வரிசையில் எனக்குப் பின் நிற்பவரை அழை' என்பதே பைத்தானில் அதன் பொருள். மிக்ஸினை எழுதுவோன் தன் பின்னே யார் நிற்பார் என்பதனை எழுதுங்காலத்தில் அறியான். அறியாதவனிடம் நம்பிக் கைமாற்றுவதே அவன் கடமை. வரிசையில் ஒருவர் கைமாற்றாது நின்றுவிட்டால், அவர் பின்னே நிற்போர்க்கு அழைப்பு எட்டாது. பிழைச் செய்தியும் எழாது.

இதனால் விளையும் தீங்கு எத்தகைத்து என்பதனை ஜாங்கோ என்னும் இணையத்தளச் சட்டகத்தில் காண்போம். பைத்தானில் எழுதப்பட்ட இச்சட்டகம் 2015 டிசம்பரில் வெளியிட்ட 1.9-ஆம் பதிப்பில் 'லாகின் ரிக்வயர்டு மிக்ஸின்' என்பதனைத் தந்தது. ஒரு பக்கத்தை ஆளும் இனக்குழுவுடன் இதனைச் சேர்த்தால், கடவுச்சொல் தந்து உள்நுழைந்தவர்க்கே அப்பக்கம் திறக்கும். மற்றையோர் நுழைவுப் பக்கத்திற்குத் திருப்பப்படுவர். வேண்டுகோள் முதலில் வந்து சேரும் 'டிஸ்பேட்ச்' என்னும் செயற்கூற்றைத் தான் கைப்பற்றி, வந்தவரை ஆராய்ந்து, தக்கவராயின் சூப்பர்வழி அடுத்தவர்க்குக் கைமாற்றுவது இதன் வேலை. வாயிற்காவலன் வாயிலில் நிற்க வேண்டும் அன்றோ? ஆதலின் தந்தையர் பட்டியலில் இதனை இடக்கோடியில் எழுதுக என்று ஜாங்கோவின் விளக்கவுரை கூறுகின்றது. ஒருவன் மறதியால் 'வியூ' என்னும் பக்க இனக்குழுவை முன்னும் காவலனைப் பின்னும் எழுதினான் என்க. வியூவினிடம் சொந்தமான டிஸ்பேட்ச் உண்டு. அஃது அழைப்பைக் கைமாற்றாது தானே முடித்துவிடும். காவலன் வீட்டின் கொல்லைப்புறத்தே வாளா நிற்க, முன்வாயில் திறந்தே கிடக்கும்.

இங்கே அச்சத்திற்குரியது யாதெனின், நிரல் பிழையின்றி ஓடுவதேயாம். எழுதியவன் தானே உள்நுழைந்த நிலையிலிருந்து பக்கத்தைத் திறந்து பார்க்கின்றான், அது திறக்கின்றது, திறக்க வேண்டியதும் அதுவே. நிரலைப் படிப்போரும் மிக்ஸினின் பெயர் தலைப்பில் இருத்தலைக் கண்டு அமைதி கொள்வர். மாணவர் மதிப்பெண்களைக் காட்டும் பக்கம் ஒன்று இவ்வாறு திறந்து கிடப்பின், அதனை முதலில் அறிபவர் அறியத்தகாதவராகவே இருத்தல் கூடும். ஆதலின் இம்மிக்ஸினைச் சேர்க்கும் ஒவ்வொரு பக்கத்திற்கும், உள்நுழையாத ஒருவர்போல் வேண்டுகோள் விடுத்து, திருப்பப்படுகின்றோமா என்று ஆராயும் சோதனை ஒன்றனை உடனெழுதிவைத்தல் இன்றியமையாதது. அவ்வகைச் சோதனை நான்கைந்து வரிகளுக்கு மேற்படாது. 2024 ஆகஸ்டில் வெளிவந்த 5.1-ஆம் பதிப்பு, விலக்கப்பட்டன ஒழிந்த எல்லாப் பக்கங்களையும் தானே பூட்டிவைக்கும் இடைநிலைக் கூறொன்றனையும் தந்துள்ளது. பக்கந்தோறும் காவலனை நிறுத்துவதினும், மதிலுக்கு ஒரு வாயில் வைப்பது மேலென்று கருதுவோர்க்கு அது பெருந்துணை.

வரிசையால் வரும் இடரேயன்றிப் பெயரால் வரும் இடரும் உண்டு. ரூபியிலும் பைத்தானிலும் ஒரு பொருளின் செய்திகள் யாவும் ஒரே பையில் இடப்படுகின்றன. இரவல் மிக்ஸின் தன் கணக்கை 'எண்ணிக்கை' என்னும் பெயரில் வைக்க, திரைப்படிப்பு மிக்ஸினும் அப்பெயரையே எடுத்துக்கொண்டால், ஒன்றன் கணக்கின்மேல் மற்றொன்று எழுதிவிடும். இருவரும் தத்தம் இடத்தில் நேர்மையாகவே நடந்தனர். குற்றம் சேர்க்கையில் உண்டாயிற்று. ஆகவே, மிக்ஸின் தனக்கெனச் செய்தி ஒன்றும் வையாமல், தான் சேர்ந்த இனக்குழுவினிடம் கேட்டே வேலை செய்தல் நலம். கம்பேரபிளும் எனுமரபிளும் நெடுங்காலம் பழுதின்றி நிற்பதற்கு இதுவே முதற்காரணம் என்று யாம் எண்ணுகின்றோம்.

2013-இல் வெளிவந்த ரியாக்ட் என்னும் இடைமுக நூலகத்தின் வரலாறு இதற்கு மறுதலையான சான்று. தொடக்கத்தில் அது மிக்ஸின்களை ஏற்றது. பயன்படுத்தியோர் அவற்றினுள் செய்திகளையும், பிற மிக்ஸின்கள் உடனிருத்தல் வேண்டும் என்னும் மறைவான எதிர்பார்ப்புகளையும் நிரப்பினர். ஒரு செயற்கூறு எங்கிருந்து வந்தது என்று தேடுதற்கே பொழுது போயிற்று; ஒன்றனை நீக்கினால் எது இடியும் என்று கூற இயலவில்லை. 2016 ஜூலையில் அந்நூலகக் குழுவைச் சேர்ந்த டான் ஆப்ரமாவ், மிக்ஸின்கள் தீங்கு பயப்பன என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். 2019 பிப்ரவரியில் வந்த 'ஹுக்ஸ்' என்னும் வேறொரு முறை அவ்விடத்தைப் பிடித்தது. தலைப்பு கடுமையானது எனினும் அதன் குறைகள் மெய்யே. ஆயின், அவை கேட்பது மிகுந்த மிக்ஸின்களின் குறைகள். மிக்ஸின் என்னும் கருத்தின் குறைகள் அல்ல என்பதனையும் உடன் கூறுதல் நடுவுநிலையாகும்.

வரிசையால் மறைமுகமாக ஒன்று வெல்லுதலை ஒப்பாத அறிஞர் சிலர், 2003-இல் 'டிரெய்ட்' என்னும் உடன்பிறப்பு முறையை வெளியிட்டனர். அதன்கண் முன்பின் என்பது இல்லை; இரு கூறுகள் ஒரே பெயரில் மோதுமாயின், எது வேண்டும் என்று எழுதுவோன் வெளிப்படையாகக் கூற வேண்டும். பி.எச்.பி. மொழி 2012-இல் தன் 5.4-ஆம் பதிப்பில் இக்கருத்தை மேற்கொண்டு, மோதலைத் தீர்க்காவிடில் நிரலையே நிறுத்திவிடுகின்றது. எழுதுவோனுக்கு இது சிறிது உழைப்பு. படிப்போனுக்குப் பெரிய உதவி.

இனி, மிக்ஸின் வேண்டப்படாத இடத்தையும் கூறிவிடுவோம். நம் நூல்நிலைய நிரல், தவணை கடந்த நூலுக்கு நினைவூட்டு மடல் விடுக்க வேண்டும். மடல் விடுப்பதனை ஒரு மிக்ஸினாக்கி நூலுடன் பிசைந்துவிட்டால், நூலுக்கு அஞ்சற் சேவையகத்தின் முகவரியும் அதன் கடவுச்சொல்லும் தெரிந்திருக்க வேண்டியதாகும். நூல் என்பது மடல் எழுதும் பொருளன்று. இத்தகைய பணிக்கு 'மடலனுப்பி' என்று தனிப்பொருள் ஒன்றனை அமைத்து, வேண்டும்பொழுது அதனிடம் நூலின் விவரத்தைக் கொடுப்பதே தகும். தனக்கென வாழ்வும் செய்தியும் உடையது தனிப்பொருளாகுக. பிறிதொன்றன் பண்பாய் மட்டும் நிற்பது மிக்ஸினாகுக. ஐயம் தோன்றுமிடத்து, 'இது தான் சேரும் இனக்குழுவினிடம் எதனைக் கேட்கின்றது?' என்று வினவி, விடையை ஒரு வரியில் எழுத முயல்க. அவ்வரியையே மிக்ஸினின் தலைமேற் குறிப்பாக வைத்தால் பின்வருவோர்க்கும் உதவும். ஒரு வரியில் அடங்காதாயின் அது தனிப்பொருளாதற்கே உரியது. சோதனை செய்தலும் இவ்வாறே எளிதாகும்: கேட்கும் அவ்வொன்றை மட்டும் உடைய பொம்மை இனக்குழு ஒன்றனை இரண்டு மூன்று வரியில் எழுதி, அதனுடன் மிக்ஸினைச் சேர்த்து, நூல்நிலையம் முழுவதையும் இயக்காமலே ஆராய்ந்துவிடலாம்.

தம் கணினியில் இதனை நேரிற் காண விரும்பும் மாணவர், ரூபியை நிறுவி, முழுவெண்களின் இனக்குழுவாகிய 'இன்டிஜர்' என்பதனிடம் 'ஆன்செஸ்டர்ஸ்' என்று கேட்பாராக. முன்னோர் வரிசை திரையில் தோன்றும். இன்டிஜர் முதலிலும், அதன் தந்தை நியூமெரிக் அடுத்தும், கம்பேரபிள் அதற்கடுத்தும் நிற்கும். எண்களை ஒப்பிடும் ஆற்றலில் ஒரு பகுதி ஒரு மிக்ஸின் தந்ததென்பது அப்பொழுது புலனாகும். அதன் பின்னே 'ஆப்ஜெக்ட்' என்பதும், அதன் பின்னே 'கெர்னல்' என்பதும் வரும். கெர்னலும் ஒரு மிக்ஸினே. ரூபி கற்பார் யாவரும் முதல் நாளில் திரையில் ஒரு வரியை அச்சிடுதற்கு எழுதும் 'புட்ஸ்' என்னும் சொல் அதன்கண்ணிருந்து வந்ததாகும்.